வால்பாறைக்குக் கொண்டுபோன தண்ணீர்

என் வீட்டுக்காரர் அந்த வேனை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது உள்ளே இன்னும் ஆட்டுப் புழுக்கை கிடந்தது. அய்யலூர் சந்தைக்கு வாரம் தவறாமல் ஆடு ஏற்றிப் போன வண்டி. அவர் திண்டுக்கல்லில் தோல் மண்டி வைத்திருப்பவர், ஆட்டு வியாபாரிகள் அத்தனை பேரும் பழக்கம். அதில் ஒருவர் பெரிய வண்டிக்கு மாறியதும் இதை இவர் தலையில் கட்டிவிட்டார். பின்னால் சீட்டு கிடையாது, தரையில் வெறும் தகரம். ஒரு பக்கத் தகடு ஆடுகள் முட்டி முட்டி வெளியே உப்பியிருந்தது. இதை வீடாக்கப் போகிறேன், உள்ளே படுக்கலாம், சமைக்கலாம், நினைத்த இடத்தில் நிறுத்தலாம் என்று அவர் சொல்ல, தெருவே கூடி நின்று சிரித்தது. ஒரு மாதமாகப் போனில் வேன் வீடு வீடியோவாகப் பார்த்துத் தள்ளிய மனுஷர், அந்தச் சிரிப்புக்கெல்லாம் அசரவில்லை. நானும் சிரிக்கவில்லை. எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. பயத்தில் இல்லை, ஆசையில்.

காரணம் என் மகள். எங்களுக்கு அவள் ஒருத்திதான். கட்டிக்கொடுத்தது வால்பாறையில், மருமகன் அங்கே பள்ளிக்கூட வாத்தியார். மூன்று வருஷமாக நான் அவள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் ஒரு சாக்கு வைத்திருந்தேன்: மூட்டுவலி, விருந்தாளி, பூனை குட்டி போட்டிருக்கிறது. போன நோன்புப் பெருநாளோடு அவள் கூப்பிடுவதையே விட்டுவிட்டாள். போனில் சமையல், மழை, சீரியல் என்று எல்லாம் பேசுவாள், "எப்பம்மா வர்றே?" மட்டும் வராது.

எனக்கு இருக்கும் தொந்தரவு ஊருக்குச் சொல்லும்படியான வியாதி இல்லை. அடிக்கடி ஒன்றுக்குப் போகவேண்டும், அவ்வளவுதான். மகள் பிறந்ததிலிருந்தே அப்படி. வீட்டில் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது, பஸ்ஸில் ஏறினால்தான் வினை. அதனால் வெளியூர் கிளம்பும்போது முந்தின நாள் பொழுது சாய்ந்ததிலிருந்தே தண்ணீரைத் தொடமாட்டேன். எங்கள் தெருவில் பாதிப் பெண்கள் இப்படித்தான் பயணம் போகிறார்கள். ஒருத்தியும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

வால்பாறைக்கு ரயில் பொள்ளாச்சி வரைதான். அதற்கு மேல் நாற்பது கொண்டை ஊசி வளைவும் பஸ்தான். மூன்று வருஷம் முன்பு போனபோது, பாதி மலையில் எனக்கு முடியாமல் போய்விட்டது. பஸ்ஸை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார்கள். ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறு பக்கம் பள்ளம், ஒதுங்க ஒரு புதர் இல்லை. கண்டக்டர் என்னம்மா என்று சத்தமாகக் கேட்க, பஸ் முழுக்கத் தலை திருப்பிப் பார்த்தது. வாந்தி என்று சொல்லிவிட்டேன். இறங்கி ரோட்டோரம் குனிந்து நின்று, வராத வாந்தியை எடுப்பதுபோல் நடித்துவிட்டு, மறுபடி ஏறி உட்கார்ந்தேன். மிச்ச வளைவுகளை எப்படிக் கடந்தேன் என்பது எனக்கும் அல்லாஹ்வுக்கும்தான் தெரியும். என் வீட்டுக்காரர் அன்றிலிருந்து எனக்கு மலை ஒத்துக்காது என்று முடிவுகட்டி, நான் எங்கே கிளம்பினாலும் எலுமிச்சம்பழம் வாங்கித் தருவார்.

திரும்பிவரும் நாள் மகள் டீ கொண்டுவந்தாள், வேண்டாம் என்றேன். தண்ணீர் கொண்டுவந்தாள், அதையும் வேண்டாம் என்றேன். "என் வீட்டுல ஒரு வாய் தண்ணி குடிச்சாக்கூட ஆகாதாம்மா?" என்றாள். மாப்பிள்ளை பக்கத்தில் நின்றார். அவர் முன்னால் இதை எப்படிச் சொல்வது? பேசாமல் பஸ் ஏறிவிட்டேன்.

ஆகவே வேன் வந்ததும் நான் வாளியும் துடைப்பமும் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். சீயக்காய், பினாயில், எலுமிச்சம்பழம் என்று எல்லாவற்றையும் போட்டுத் தேய்த்தேன். வெயில் ஏறினால் ஆட்டு வாடையும் கூடவே ஏறியது. தோல் மண்டிக்காரர் பெண்டாட்டிக்கு ஆட்டு வாடை ஒரு வாடையா என்று அதை அப்படியே விட்டுவிட்டேன்.

அடுத்த இரண்டு வாரம் எங்கள் வீடு கல்யாண வீடு மாதிரி ஆனது. வருகிறவர்கள் எல்லோரும் வேனுக்கு என்று ஒரு சாமானோடு வந்தார்கள். நாத்தனார் மூன்று கிலோ அரிசி வேகும் தேக்சாவைத் தூக்கி வந்தார். இரண்டு பேருக்கு எதற்கு இம்புட்டுப் பெரிய சட்டி என்று கேட்டால், வழியில் நாலு பேர் வந்தால் என்ன செய்வாய் என்று என்னையே கேட்டார். கொழுந்தனார் ஒரு சின்ன டிவி. அவர் சிநேகிதர் ஒருவர் உள்ளங்கையில் அடங்காத திண்டுக்கல் பூட்டு. ஊர்ப் பெருமையை விடமுடியுமா? என் வீட்டுக்காரர் நாளுக்கு ஒரு பட்டியல் போட்டார். பேட்டரியில் ஓடும் ஃபேன், சுருட்டி ஒட்டும் லைட்டு, மடக்கு மேஜை, கேஸ் அடுப்பு. ராத்திரி எழுதியதைக் காலையில் கிழிப்பார். அவருடைய கூத்தைப் பார்க்க எனக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தது. ஆனால் அந்தப் பட்டியல் எதிலும் எனக்கு வேண்டியது இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

பைபாஸ் ஓரம் ஒரு வெல்டிங் பட்டறை. வைத்திருந்தவர் சித்தையன்கோட்டைப் பக்கம், பூ விவசாயக் குடும்பம். வண்டியில் நிரந்தரமாக ஒன்றையும் ஒட்டவைக்க வேண்டாம் பாய், எல்லாம் நட்டு போல்ட்டில் கழற்றி மாட்டுகிற மாதிரி செய்து தருகிறேன், நாளைக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸில் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்றார். சாக்பீஸை இவர் கையில் கொடுத்து எது எங்கே என்று தரையில் போடச் சொன்னார். இவர் வேனுக்குள் மண்டியிட்டுக் குஷியாகக் கோடு போட்டார். இங்கே பெட்டிக் கட்டில், அடியில் துணிமணி. இங்கே அடுப்பு. இங்கே பேட்டரி. பின்கதவுக்குப் பக்கத்தில் ஒரு மூலை மிஞ்சியது. அதில் பெரிய வட்டமாகப் போட்டு, தேக்சா என்றார்.

எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ தெரியாது. ஏறிப்போய் அந்த வட்டத்தைச் செருப்புக் காலால் தேய்த்து அழித்தேன்.

"இந்த மூலை எனக்கு வேணும்" என்றேன்.

எதுக்கு என்று அவர் கேட்டார்.

"ஒண்ணுக்குப் போக. அது இல்லாம இந்த வண்டியில ஃபேன் இருந்தா என்ன, கட்டில் இருந்தா என்ன, நான் ஏற மாட்டேன்."

சொல்லி முடித்தபின்தான் அந்நிய ஆம்பளை ஒருவர் பக்கத்தில் நிற்பது உறைத்தது. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டேன். காது இரண்டும் எரிந்தது. வெல்டிங்காரர் சிரிக்கவில்லை. கையிலிருந்த டேப்பைச் சுருட்டினார்.

"எங்க வீட்டுல வெள்ளனப் பூ ஏத்திக்கிட்டு மார்க்கெட்டுக்குப் போற நாள்ல காப்பிகூடக் குடிக்காதுக்கா" என்றார். "ஏன்னு நான் அவகிட்ட ஒருநாளும் கேட்டதில்ல."

அப்புறம் அவர்பாட்டுக்கு அளக்க ஆரம்பித்துவிட்டார். கூரையில் வளைவாக ஒரு கம்பி, அதில் தடித்த திரை. வயசானவர்களுக்கு என்று மருந்துச் சாமான் கடையில் விற்கும் கமோடு நாற்காலி, அதைத் தரையோடு பிடித்துக்கொள்ள இரண்டு கிளிப். அடியில் மூடி போட்ட வாளி. வாடைக்கு மருந்தெல்லாம் வேண்டாமாம், அவர் ஊர்ப் பக்கம் கயிறு திரிக்கும் இடத்தில் தேங்காய் நார்த்தூள் மலையாகக் கிடக்கிறது, இரண்டு கை அள்ளிப் போட்டால் வாடையும் ஈரமும் அதோடு போச்சு என்றார். கழுவத் தண்ணீர் வேண்டுமே என்றேன். அதற்கு ஆறு இஞ்சு பைப்பு ஒன்றை இரண்டு பக்கமும் அடைத்துக் கூரைமேல் படுக்கவைத்து, உள்ளே ஒரு குழாய் இறக்கித் தருவதாகச் சொன்னார். வெயிலில் தண்ணீர் வெதுவெதுப்பாகவும் இருக்குமாம். எனக்குக் கை தட்டவேண்டும்போல இருந்தது.

வீடு திரும்பும் வழியில் நாகல்நகர் தாண்டியபின் என் வீட்டுக்காரர் கேட்டார்.

"அப்ப அன்னைக்கு மலையில வாந்தி?"

"வாந்தியெல்லாம் இல்லங்க."

"நான் வாங்கித் தந்த எலுமிச்சம்பழம்?"

"ஊறுகா போட்டேன்."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தெட்டு வருஷம் கூடவே இருந்தும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்றார். எனக்கு அழுகை வந்தது, கூடவே நிம்மதியும் வந்தது. அன்றிலிருந்து பட்டியலை நான் போட ஆரம்பித்தேன்.

என் முறையே வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேனை வாசலில் நிறுத்தி, காலையிலிருந்து பொழுது சாய்கிறவரை இரண்டு பேரும் அதற்குள்ளேயே இருப்பது என்று சட்டம் போட்டேன். எதற்காக வீட்டுக்குள் ஓடுகிறோமோ அது வண்டிக்கு வேண்டியது. எதைத் தொடவே இல்லையோ அது வேண்டாதது. பத்து மணிக்குள் ஒன்பது தடவை ஓடினோம். கத்தி, கத்திரிக்கோல், துணி காயப்போடக் கயிறு, கைப்பிடித் துணி, தொழுகை விரிப்பு, ஜன்னலுக்குக் கொசுவலை, கால் வைத்து ஏற ஒரு முக்காலி. யார் வீடியோவிலும் வராத முக்காலிதான் அன்று முழுக்க உழைத்தது. ஏற, உட்கார, காய் நறுக்க, இட்லித் தட்டு வைக்க என்று எல்லாவற்றுக்கும் அதுவே. ஃபேனை ஓரிடத்தில் முடுக்காமல் கம்பியில் கவ்வுகிற மாதிரி மாற்றினோம், சமைக்கும்போது ஒரு பக்கம், படுக்கும்போது ஒரு பக்கம். டிவி, மடக்கு மேஜை, பூட்டு மூன்றும் தொடாமலே கிடந்தன. தேக்சாவை நாத்தனார் கண்ணெதிரிலேயே இறக்கினேன். இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை.

அன்று மத்தியானம் தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். சும்மா பார்க்கத்தான் என்று சொல்லிக்கொண்டு ஏறுவார்கள். கட்டிலைத் தட்டிப் பார்ப்பார்கள், லைட்டைப் போட்டு அணைப்பார்கள். அப்புறம் அந்தத் திரைக்குள் போய் நின்றுகொள்வார்கள். வெளியே வர நேரமாகும். இறங்கும்போது என்னிடம் குரலைத் தாழ்த்தி, அந்த நாற்காலி எங்கே வாங்கினாய் என்று மட்டும் கேட்பார்கள். ஃபேனைப் பற்றி ஒருத்தியும் கேட்கவில்லை.

எல்லாம் சரியாகத்தான் போயிற்று, தண்ணீர் விஷயம் தவிர. கிளம்புவதற்கு முந்தின நாள் எங்கள் தெருவுக்குக் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. எங்கள் ஊரில் தண்ணீர் வருகிற நாளில் காலிப் பாத்திரம் ஒன்று கண்ணில் பட்டால் யாருக்கும் கை சும்மா இருக்காது. அவர் கூரைப் பைப்பை நிரப்பினார். நான் கட்டிலுக்கு அடியில் இருந்த துணிமணியை எடுத்துவிட்டு ஒரு டிரம்மை வைத்து நிரப்பினேன். குடிக்க இரண்டு கேன், சமைக்க இரண்டு, கழுவ இரண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று. போகிற ஊரில் தண்ணீர் எப்படியோ என்று அவர் சொன்னார், நானும் ஆமாம் என்றேன். அந்த ஊரைப் பற்றி மகள் போனில் சொல்வதெல்லாம் மழைதான் என்பது எங்கள் இருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

விடியுமுன் சுபுஹு தொழுதுவிட்டு பிஸ்மில்லாஹ் சொல்லிக் கிளம்பினோம். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி லாரிகள் வரிசையாக நின்றன. பழனி மலைக்குப் பக்கத்தில் விடிந்தது. சீட்டில் சாய்ந்து உட்கார முடியாமல் முன்னால் நுனியிலேயே உட்கார்ந்து வந்தேன், அத்தனை பரபரப்பு. மகளுக்குச் சொல்லவில்லை. மறுபடி ஏதாவது ஆகித் திரும்பிவிட்டால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்று பயம். ஆழியாறு சோதனைச்சாவடியில் காவலர் ஒருவர் பின்கதவைத் திறக்கச் சொன்னார். கேன்களை எண்ணினார், டிரம்மைத் தட்டினார், என்ன என்று கேட்டார். தண்ணீர் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். மூடியைத் திறந்து மோந்து பார்த்தவர், உள்ளே இருந்த இன்னொருவரைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, இங்க வந்து பாருங்க. வால்பாறைக்குத் தண்ணி கொண்டுட்டுப் போறாங்க."

எந்த ஊர் என்று வந்தவர் கேட்டார். திண்டுக்கல் என்றதும், எங்கள் ஊர்த் தண்ணீர்ப் பஞ்சம் தெரிந்தவர்கள்போல் இருவரும் தலையாட்டிக் கதவைச் சாத்திவிட்டார்கள். மேலே நல்ல மழைங்க, பார்த்துப் போங்க என்று மட்டும் சொன்னார்கள். எங்களுக்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வெட்கமாக இருந்தது.

ஏழாவது வளைவில் வண்டி முனகியது. ஒன்பதாவது வளைவில், எல்லோரும் இறங்கி அணையைப் பார்க்கும் இடத்தில், முன்பக்கம் புகைந்து நின்றே விட்டது. சூடு ஆறியபின் ரேடியேட்டருக்கு ஊற்றினோம். பாரம் தாங்காது, தண்ணீரைக் கொட்டித்தான் ஆகவேண்டும் என்று அவர் சொன்னார். பாத்திரம் கழுவின தண்ணீரைக்கூடச் செடிக்கு விடுகிறவள் நான். முதல் கேனை ரோட்டோரச் செடியின் வேரைப் பார்த்து, சிந்தாமல் ஊற்றினேன். கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் வரையாடுகள் மூன்று வந்து நின்று வேனையே பார்த்தன. நம் வண்டி வாடை சொந்தக்காரர்களை இழுக்கிறது என்று அவர் சொன்னார். நான் சிரிக்க வாயைத் திறந்தேன், உதடு ஒட்டிக்கொண்டு பிரியவில்லை. அதை அவர் பார்த்துவிட்டார்.

"இம்புட்டுத் தண்ணியக் கொண்டாந்து கொட்டுறோமே, காலையிலருந்து நீ ஒரு வாய் குடிச்சியா?"

குடிக்கவில்லை. நேற்றுப் பொழுது சாய்ந்ததிலிருந்து குடிக்கவில்லை. மூலை இருக்கிறது, திரை இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, அத்தனையும் நானே சண்டை போட்டு வாங்கியது. ஆனாலும் பழக்கம் விடவில்லை. அவர் கடைசிக் கேனிலிருந்து ஒரு சொம்பு நிறைய ஊற்றி நீட்டினார். வண்டி ஓடும் ரோட்டில், ஊர் சனம் பார்க்க, ஒரே மூச்சில் குடித்தேன். வாயைக் கையால் துடைத்துக்கொண்டு இன்னும் அரைச் சொம்பு கேட்டேன்.

இருபத்திரண்டாவது வளைவு தாண்டியதும் நிறுத்தச் சொன்னேன். வாந்தி என்று சொல்லவில்லை. அகலமான இடம் பார்த்து நிறுத்தினார். கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. நான் பின்னால் போய்த் திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்தேன். ஒரு பஸ் எங்களைக் கடந்து மேலே போனது, அதில் எத்தனை தலை திரும்பினால் எனக்கென்ன. நார்த்தூள் இரண்டு கை போட்டேன், குழாயைத் திறந்து கழுவினேன், திரையை ஒதுக்கிக்கொண்டு வந்தேன். அல்ஹம்துலில்லாஹ் என்று நான் அந்த வருஷத்தில் அத்தனை மனசாரச் சொன்னது அப்போதுதான். அவர் முன்னாலிருந்து எல்லாம் சரியா என்று கேட்டார். கிளம்புங்க என்றேன்.

மகள் குடையோடு ஓடிவந்து வாசலில் நின்றாள். அவள் அத்தா உடனே வேனைத் திறந்து ஃபேன், லைட்டு, அடுப்பு என்று வரிசையாகக் காட்டினார். அவள் எல்லாவற்றையும் பார்த்து முடித்துக் கடைசியில் திரையை விலக்கினாள்.

"அன்னைக்கு இதுதானாம்மா?" என்றாள். நான் தலையாட்டினேன். "என் மேல கோவம்னுல மூணு வருஷமா நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்று சொல்லி என் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். வலித்தது. நன்றாக இருந்தது.

நாலு நாள் இருந்தோம். நாலு நாளும் மழை. கிளம்பும் காலையில் என் வீட்டுக்காரர் காலிக் கேன்களை வரிசையாகக் கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் வைத்திருந்தார். இறக்கத்தில் பிரேக் தாங்க வேண்டுமே என்று மாப்பிள்ளை கெஞ்சி, இரண்டோடு நிறுத்தினார். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் வேனைப் பார்க்கக் கூடிவிட்டார்கள். மகள் அடுப்படி வாசலில் வெறுங்கையோடு நின்றாள். டீ வேண்டுமா என்று கேட்கவில்லை. கேட்டுப் பட்டது அவளுக்கு இன்னும் மறக்கவில்லை.

"குடிக்கத் தண்ணி கொண்டா" என்றேன்.

கொண்டுவந்தாள். நின்றபடியே குடித்து டம்ளரை நீட்டி, இன்னொன்று என்றேன். அதையும் குடித்தேன். போதும்மா, வழியில் கஷ்டப்படப் போகிறாய் என்று என் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"வழியில ஒண்ணுக்கு நிப்பாட்டிக்கிறேன்" என்றேன், கூடி நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி.

மூன்றாவது டம்ளரை அவளே ஊற்றிக் கொண்டுவந்தாள்.